பத்துமலை அடிவாரத்தில் ஒரு குட்டை பைன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘குட்டை பைன்’ என்று சொல்லி விற்கப்படும் செடிகளில் பெரும்பாலானவை பைன் அல்ல. பத்துமலையைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளில் ஒரு மாலை நடந்து பார்த்தாலே இது விளங்கிவிடும். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில், இரும்புக் கேட்டின் இரு புறமும் இரண்டு சட்டிகள் இருக்கும். அவற்றில் ஊசி போன்ற இலையோடு முழங்கால் உயரத்தில் ஒரு செடி நிற்கும். வீட்டுக்காரர்களைக் கேட்டால் ‘பைன்’ என்பார்கள். ‘போன்சாய்’ என்பார்கள். ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்பவர்களும் உண்டு. முதல் பெயர் இனத்தைச் சொல்கிறது, இரண்டாவது வளர்ப்பு முறையைச் சொல்கிறது, மூன்றாவது வெறும் தோற்றத்தைச் சொல்கிறது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் நட்டம், சட்டியில் இருந்த செடியை மண்ணுக்கு மாற்றும் நாளில்தான் தொடங்குகிறது.

பைன் என்று விற்கப்படும் அரவுகேரியாவை எடுத்துக்கொள்வோம். சட்டியில் மூன்றடி உயரத்தில் அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும்போது, அது பிறவியிலேயே குட்டை என்று யாருக்கும் தோன்றும். சுவரிலிருந்து ஓரெட்டுத் தூரத்தில் நட்டுவிட்டால், சில ஆண்டுகளில் கூரையைத் தாண்டும். முழு மரம் முப்பது மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. இடியும் மின்னலும் அதிகமுள்ள இந்த ஊரில், தாமான் வீட்டு முற்றத்தில் பத்து மாடி உயரத்துக்கு ஒரு கூம்பு மரம் நிற்பதை எந்த நகராட்சியும் விரும்பாது. மரம் செய்த குற்றம் இதில் ஏதுமில்லை. குழந்தையைக் குள்ளன் என்று நினைத்து வாங்கியதுதான் பிழை.

ஆகவே குட்டையான ஒரு செடியை இனங்காண வேண்டுமென்றால் இரண்டு கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இது என்ன மரம்? இது ஏன் குட்டையாக இருக்கிறது? வகையின் பெயர், அதாவது ‘மாப்ஸ்’ என்றோ ‘கோனிக்கா’ என்றோ அட்டையில் எழுதப்படும் அழகான பெயர், இவ்விரண்டுக்கும் பிறகுதான் வர வேண்டும். வாங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பெயரில் தொடங்கி, படத்தோடு ஒப்பிட்டு, ‘ஏறக்குறைய இதுதான்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்த வட்டாரத்தில் செடி வாங்குவதென்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சுங்கை பூலோ. அங்குள்ள செடிக்கடைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1930இல் தொழுநோயாளருக்காகத் திறக்கப்பட்ட குடியிருப்பு அது. நோயாளிகளைச் சிறைக்கைதிகள்போல் அடைத்துவைக்கும் வழக்கத்தை எதிர்த்த மருத்துவர் டிராவர்ஸ், அவர்கள் வீடும் தோட்டமும் வேலையும் உள்ள ஒரு சிற்றூராக வாழ வேண்டும் என்று வாதாடியதன் விளைவாக உருவானது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லா இனத்தவரும் அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டார்கள். நோய் குணமான பிறகும் வெளியுலகம் அவர்களை ஏற்கத் தயங்கியது. பலர் அங்கேயே தங்கிச் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். இன்று கோலாலம்பூர்வாசிகள் வார இறுதியில் காரை நிறுத்திப் பேரம் பேசும் பல கடைகளின் வேர் அந்த உழைப்பில் இருக்கிறது. ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று பெயர் பெற்ற அந்த இடத்தை 2019இல் மலேசியா யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. அங்கே வாங்கிய செடியை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

செடிக்கடை வைத்திருப்பவருக்குத் தாவரவியல் பெயர் தேவைப்படுவதில்லை. வாங்குபவர் கேட்கும் பெயரில் விற்பது அவர் தொழில். ஆராய வேண்டியது நாம்தான். அதற்கு வேண்டியதெல்லாம் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸும், கிள்ளியெடுத்த ஒரு விரற்கடைக் கிளையும்.

பைனுக்கு ஒரு முத்திரை உண்டு. அதன் ஊசிகள் தண்டிலிருந்து தனித்தனியாக முளைப்பதில்லை. இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் அடியில் சேர்ந்து ஒரு கற்றையாக இருக்கும். ஒவ்வொரு கற்றையின் அடியிலும் பழுப்பு நிறத்தில் தாள் போன்ற ஓர் உறை இருக்கும். சில இனங்களில் இந்த உறை கடைசிவரை ஒட்டியிருக்கும், சிலவற்றில் முதல் பருவத்திலேயே உதிர்ந்துவிடும். கற்றை இருந்தால்தான் பைன். விதையிலிருந்து முளைத்த இளங்கன்றில் மட்டும் சில காலம் ஊசிகள் தனித்தனியாக இருக்கும், அதைத் தவிர இந்த முத்திரை அநேகமாகப் பொய்க்காது. அடுத்த படி எண்ணிக்கை. ஜப்பானியக் கரும்பைனில் இரண்டு ஊசி, ஜப்பானிய வெண்பைனில் ஐந்து, கொடைக்கானல் மலையில் வெள்ளைக்காரர் காலம் தொட்டு நடப்பட்டு இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பட்டுலா பைனில் பெரும்பாலும் மூன்று. ஐரோப்பியத் தோட்டங்களில் குட்டை பைன் என்றாலே முதலில் சொல்லப்படும் மலைப்பைனான முகோவில் இரண்டு.

இந்தச் சோதனையைப் பத்துமலைப் பக்கத்து வாசல்களில் செய்தால் கற்றை அநேகமாகக் கிடைக்காது. வேறு பல கிடைக்கும்.

சீனர் வீட்டு வாசல்களில் செல்வத்துக்கு அடையாளமாக நிற்பதும், இப்போது தமிழர் வீடுகளிலும் பரவலாகக் காணப்படுவதும் போடோகார்ப்பஸ் மேக்ரோஃபில்லஸ். இதன் இலை ஊசி அல்ல, பட்டையான நாடா. நடுவில் ஒற்றை நரம்பு தெளிவாக ஓடும். பெண் மரத்தில் விதைக்குக் கீழே சதைப்பற்றான ஒரு பீடம் திரண்டு செங்கருநீலமாகப் பழுக்கும். பைனைப் போல மரக்கூம்பு காய்க்காது. இதையும் பைன் என்று விற்பது இந்த நாட்டில் ஊறிப்போன வழக்கம். இதற்குத் தென்னிந்தியாவிலும் ஓர் உறவுக்காரர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வளரும் நாகேயா வாலிச்சியானா, தென்னிந்தியாவுக்கு இயற்கையாக உரிய ஒரே கூம்புத் தாவரம். அதே இனம் மலேசியக் காடுகளிலும் இருக்கிறது. அகன்ற இலையோடு இருப்பதால் அதைப் பைனுக்குத் தூரத்து உறவென்று யாரும் எண்ணுவதில்லை.

துஜா என்று விற்கப்படும் பிளாட்டிகிளேடஸ் ஓரியன்டாலிஸை அடையாளம் காண்பது எளிது. அதன் கிளைநுனிகள் விசிறி மடக்கியதுபோல் தட்டையாக, செங்குத்தாக நிற்கும். இலைகள் செதில்களாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். சீன ஜூனிப்பரில் ஒரே செடியிலேயே குத்தும் ஊசியிலையும் ஒட்டிய செதிலிலையும் இருக்கும். கத்தரித்த இடத்திலிருந்து மீண்டும் ஊசியிலை வருவதால், போன்சாய் வளர்ப்பவர்கள் ‘இரண்டு செடி ஒட்டியிருக்கிறது’ என்று ஏமாறுவதுண்டு.

அரவுகேரியாவில் ஒரு தனிச் சிக்கல். ‘நார்ஃபோக் தீவு பைன்’ என்ற பெயரில் வெப்ப நாடுகளில் நடப்பட்டவற்றில் பெரும்பகுதி அந்தத் தீவின் மரம் அல்ல, நியூ கலிடோனியாவைச் சேர்ந்த அரவுகேரியா காலம்னாரிஸ். இதை ‘குக் பைன்’ என்பார்கள். வளர்ந்த மரத்தில் வேறுபாடு தெரியும். இதன் பட்டை மெல்லிய தாள்போல் உரியும், கிளைகள் குட்டையாக இருப்பதால் மரம் தூண்போல் ஒடுங்கியிருக்கும். இதைவிட வியப்பான ஓர் அடையாளம் 2017இல் வெளியான ஓர் ஆய்வில் வந்தது. ஐந்து கண்டங்களில் 256 குக் பைன்களை அளந்த ஆய்வாளர்கள், அவை சராசரியாக எட்டரை டிகிரி சாய்ந்திருப்பதையும், அந்தச் சாய்வு பெரும்பாலும் நிலநடுக்கோட்டை நோக்கியே இருப்பதையும் கண்டார்கள். வட கோளத்து மரங்கள் தெற்கே சாய்கின்றன, தென்கோளத்து மரங்கள் வடக்கே சாய்கின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து தூரம் கூடக் கூடச் சாய்வும் கூடுகிறது. பத்துமலை ஏறத்தாழ மூன்று டிகிரி வடக்கே இருக்கிறது. ஆகவே நம்மூர் மரங்கள் நேராக நிற்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஹவாயில் உதவும் அடையாளம் இங்கே உதவாது. இனங்காணும் குறிப்பேடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குமதி செய்யக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

சவுக்கைப் பற்றித் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சட்டியில் கூம்பு வடிவில் கத்தரித்து வைத்தால் நம்மவர்களும் அதைப் பைன் என்றுதான் சொல்லிவிடுகிறார்கள். ஊசி என்று நாம் நினைப்பது அதில் இலை அல்ல, பச்சை நிறக் கிளை. இரு முனையையும் பிடித்து இழுத்தால் கணுவில் ‘டப்’ என்று கழன்று வரும். கழன்ற கணுவை லென்ஸில் பார்த்தால் சுற்றிலும் நுண்ணிய பற்கள் வட்டமாக நிற்கும். அந்தப் பற்கள்தான் உண்மையான இலைகள். அவற்றை எண்ண வேண்டும். கடற்கரைச் சவுக்கில் ஏழெட்டு இருக்கும். நான்கே நான்கு இருந்து, கிளையும் நாற்கோணமாக இருந்தால், அது சவுக்கே அல்ல, ஜிம்னோஸ்டோமா. போர்னியோவிலும் சுமத்ராவிலும் இயற்கையாக வளரும் இந்தப் பேரினத்தை 1980இல்தான் ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் ஜான்சன் தனியாகப் பிரித்தார். மலாயில் இரண்டுக்குமே ‘ரு’ என்றுதான் பெயர். இந்நாட்டுப் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் அடர்ந்த கரும்பச்சைக் கூம்பாகக் கத்தரித்து வைக்கப்படுவது பெரும்பாலும் ஜிம்னோஸ்டோமாவே. நான்கு பல்லா எட்டுப் பல்லா என்று எண்ணி முடிக்க ஒரு நிமிடம் போதும். செடிக்கடையில் பெயர் கேட்டு வாதிட்டால் அரை நாள் போகும்.

இனி, இவை எதிலும் சேராத ஒன்று. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். சட்டியில் பார்த்தால் நூறு வயது பைன் என்று சத்தியம் செய்யலாம். முறுக்கேறிய அடிமரம், நீளவாட்டில் உரியும் பட்டை, மேகத்திரள்போல் ஊசிக்கொத்துகள். ஆனால் ஊசியை நெருங்கிப் பார்த்தால் கற்றை இல்லை, உறை இல்லை. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள மெல்லிய இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமைந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இலைக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். நசுக்கினால் பிசின் மணம் வராது, தைலமரத்தை நினைவூட்டும் கூர்மையான மணம் எழும். பருவத்தில் இலைக்கக்கத்தில் ஐந்து வெள்ளை இதழ்களோடு குன்றிமணியைவிடச் சிறிய பூ பூக்கும். பூ பூத்துவிட்டால் வழக்கு முடிந்தது, கூம்புத் தாவரம் எதுவும் இதழ் விரித்துப் பூப்பதில்லை. இது பேக்கியா ஃப்ரூட்டிசென்ஸ். நாவல், கொய்யா, தைலமரம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாயில் ‘சுச்சூர் ஆத்தாப்’. லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட இனம். தென் சீனாவிலிருந்து மலாயா, சுமத்ரா வழியாக ஆஸ்திரேலியப் பக்கம் வரை பரவியிருக்கிறது. சீன, மலாய் வைத்தியத்திலும் இதற்கு இடமுண்டு. நம் வட்டாரப் போன்சாய்க்காரர்கள் இதைப் பெரிதும் விரும்புவதில் வியப்பில்லை. பைனின் தோற்றத்தைக் குளிர்காலம் இல்லாமலே தரும் செடி இது.

குளிர்காலம் என்ற சொல்லை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். உண்மையான பைன் ஏன் இங்கே அரிதாக இருக்கிறது என்பதற்கு அதில்தான் விடை இருக்கிறது. உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட பைன் இனங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான், சுமத்ராவின் மெர்குசி பைன், இயற்கையாக நிலநடுக்கோட்டைத் தாண்டியிருக்கிறது. மலாக்கா நீரிணைக்கு இந்தப் பக்கம், மலேசியத் தீபகற்பத்தில், இயற்கையாக வளரும் பைன் ஒன்றுகூட இல்லை. 1960களில் தாள் ஆலைக்கு நீண்ட நார் வேண்டுமென்று கரிபியன் பைனை இந்நாட்டில் தோட்டமாக வளர்த்துப் பார்த்தார்கள். வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் பூஞ்சை இல்லாமல் பைன் கன்று தேறாது. ஆகவே பழைய பைன் தோப்பின் மண்ணை நாற்றங்காலில் கலக்க வேண்டியிருந்தது. அதைத் தாண்டியும் ஒரு விசித்திரம் நடந்தது. வளர்ச்சியை நிறுத்தி மொட்டுக் கட்டச் சொல்லும் குளிரோ வறட்சியோ இல்லாததால், பல மரங்களில் நுனி மட்டும் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருந்தது. பக்கக் கிளையே இல்லாமல் பல மீட்டர் நீளத்துக்கு ஊசி மூடிய ஒற்றைக் கம்பம். நரிவால் என்று வனத்துறையினர் இதைச் சொல்வார்கள். குட்டை பைனுக்கு நேர் எதிரானது இந்த நரிவால். இரண்டையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்: நுனி மொட்டு எப்போது ஓய்வெடுக்கிறது என்பது. இரவில் 23, 24 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் கோலாலம்பூரில், மலைப்பைனும் ஜப்பானிய வெண்பைனும் ஓய்வு கிடைக்காமல் மெலிந்து சாவதற்குக் காரணமும் இதுவே. நீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று வளர்ப்பவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். செடி ஏன் குட்டையாக இருக்கிறது?

கத்தரியால் குட்டையாவது ஒன்று. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஒரு ஜப்பானிய வெண்பைன் இருக்கிறது. 1625 முதல் போன்சாயாகப் பயிற்றப்பட்டு வருவது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் யாமாகி குடும்பத்தின் சுவருக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976இல் மசாரு யாமாகி அதை அமெரிக்காவுக்குப் பரிசாக அளித்தார். நான்கு நூற்றாண்டு ஆகியும் சட்டியில் அடங்கி நிற்கும் அந்த மரத்தின் மரபணுவில் குட்டைத்தனம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அதன் விதையை மலைச்சரிவில் போட்டால் முழு மரமாகத்தான் வளரும்.

பிறவியிலேயே குட்டையாவது வேறு. பெரிய ஊசியிலை மரம் ஒன்றின் உச்சியில் சில சமயம் ஒரே ஒரு கொப்பு மட்டும் பறவைக்கூடுபோல் அடர்ந்து குறுகி வளரும். பூஞ்சை, சிலந்திப்பேன், ஒட்டுண்ணி போன்றவையும் இதை உண்டாக்கலாம். ஆனால் சிலவற்றில் காரணம் அந்தக் கொப்பின் மொட்டில் நேர்ந்த திடீர் மாற்றம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அர்னால்டு மரப்பூங்காவில் பதியன் பணிக்குப் பொறுப்பாக இருந்த ஆல்ஃபிரட் ஃபோர்டம், இத்தகைய கொப்புகளில் காய்த்த கூம்புகளின் விதையை முளைக்க வைத்துப் பார்த்து 1967இல் எழுதினார். முளைத்தவற்றில் ஏறத்தாழ பாதி குட்டை, பாதி இயல்பான கன்று. குட்டைத்தனம் விதைவழி இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். உலகச் சந்தையில் பெயரோடு விற்கும் குட்டை ஊசியிலை வகைகள் பல இப்படிக் கொப்பிலிருந்து ஒட்டுக்கட்டி வந்தவை. மற்றவை நாற்றுப் பாத்தியிலோ காட்டிலோ தற்செயலாகக் கிடைத்த குட்டைக் கன்றுகள். கிறிஸ்துமஸ் நேரத்தில் எங்கும் விற்கும் ‘கோனிக்கா’ என்ற ஸ்புரூஸ், 1904இல் கனடாவின் ராக்கி மலையில் அதே அர்னால்டு பூங்காவைச் சேர்ந்த இருவர் கண்டெடுத்தது. அதில் இன்றும் திடீரென ஒரு கிளை மட்டும் பழைய வேகத்தில் நீண்டு வளர்வதுண்டு. அப்படி மூலத்துக்குத் திரும்பும் கிளை, அந்தச் செடி எந்தப் பெரிய மரத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அதை வெட்டி எறியும் முன் ஒரு முறை உற்றுப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, இடத்தால் குட்டையாவது. இதைப் பார்க்கப் பத்துமலையைவிடப் பொருத்தமான ஊரை நான் அறியேன். முருகன் கோயிலின் 272 படிகளும் ஏறுவது சுண்ணாம்புப் பாறை. கிழக்கே சில கிலோமீட்டரில், தாமான் மெலாவத்திக்குப் பின்னால், வெள்ளைப் பற்களாகத் தெரியும் புக்கிட் தாபூர் குவார்ட்ஸ் பாறை. வானம் தெளிந்த காலையில் வடகிழக்கே நீலமாகத் தெரியும் கெந்திங் மலைத்தொடர் கருங்கல். மூன்று பாறைக்கும் மூன்று விதத் தாவரம்.

குவார்ட்ஸ் முகடு பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அபூர்வமான அமைப்பு. 2017 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. மண் அநேகமாக இல்லாத அந்த அமிலப் பாறையின் மேல், காற்றிலும் வெயிலிலும் அடிபட்டு வளரும் குறுஞ்செடிகளுக்கு நடுவே பேக்கியாவும் நிற்கிறது. வளமான மண்ணில் அது சிறு மரமாக உயரக்கூடியது. முகட்டில் இடுப்பளவோடு நின்றுவிடுகிறது. சட்டிக்குள் போன்சாய்க்காரர் செய்வதை அங்கே பாறை செய்கிறது.

கெந்திங் பக்கத்து உலு காலி சிகரம் ஏறத்தாழ 1,750 மீட்டர். அங்கே மேகமும் காற்றும் ஊட்டமற்ற கரிமண்ணும் சேர்ந்து காட்டையே குள்ளமாக்கி வைத்திருக்கின்றன. அந்தக் குள்ளக் காட்டில் குடை விரித்த தலையோடு ஒரு கூம்புத் தாவரம் நிற்கிறது. பெயர் டாக்ரிடியம் கோமோசம். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர் 1939இல் பெயரிட்டது. மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி 1940இல் அவர் எழுதிய பெருநூலைத் தெரிந்தவர்கள் பலர் இருப்பார்கள். இந்தச் சிறு மரத்தை அவர்தான் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. மலேசியத் தீபகற்பத்தில் கெந்திங், தஹான் போன்ற சில உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. சாலையும் விடுதியும் கோபுரமும் அந்த உச்சிகளில் ஏறிவிட்டதே காரணம். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், நம் கண்ணுக்குத் தெரியும் மலையில், இந்த நாட்டுக்கே சொந்தமான ஓர் அசல் குட்டைக் கூம்பு மரம் இருக்கிறது. நாமோ ஆல்ப்ஸ் மலையின் பைனுக்கு அட்டை எழுதித் தேடிக்கொண்டிருக்கிறோம்! இதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது பாறையான சுண்ணாம்பு, தோட்டக்காரருக்கு நேரடியாகப் பாடம் சொல்கிறது. பத்துமலைக் குன்றைச் சுற்றிலும் 1980களின் தொடக்கம் வரை கல் உடைத்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டு மண்ணில் சுண்ணாம்புத் தூளும் கட்டட இடிபாடும் கலந்திருப்பது சாதாரணம். பெரும்பாலான பைன்களுக்கும் பேக்கியாவுக்கும் அமிலத்தன்மையுள்ள மண்தான் வேண்டும். போடோகார்ப்பஸ் மேக்ரோஃபில்லஸ் சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாததன் அடையாளம் அது. உரம் போட்டால் தீராது. அதே மண்ணில் துஜாவும் சீன ஜூனிப்பரும் கடற்கரைச் சவுக்கும் செழிக்கும். உள்நாட்டுச் செடியே வேண்டுமென்றால் ‘சென்டாடா’ என்று மலாயில் அழைக்கப்படும் போடோகார்ப்பஸ் பாலிஸ்டாக்கியஸ் இருக்கிறது. லங்காவியின் சுண்ணாம்புக் குன்றுகளிலும் கடலோர மணலிலும் இயற்கையாக வளரும் மரம், கத்தரியையும் தாங்கும். இனம் தெரிந்தால்தான் இந்தத் தேர்வே சாத்தியம்.

பிறவிக் குட்டையா, இடத்தால் குட்டையா என்பதை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. அமெரிக்கக் கூம்புத் தாவரச் சங்கம் ஆண்டு வளர்ச்சியை வைத்து வகை பிரிக்கிறது. ஓராண்டில் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைவாக வளர்ந்தால் மிகச் சிறியது. பதினைந்து சென்டிமீட்டர் வரை குட்டை. முப்பது வரை நடுத்தரம். குளிர்நாட்டில் கிளையின் கணுவரிசையைப் பார்த்தே ஓராண்டு வளர்ச்சியைப் படித்துவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை, இங்கே செடி ஆண்டு முழுக்க வளர்கிறது. அதனால் நான்கைந்து கிளைகளின் நுனிக்குக் கீழே நிற நூல் கட்டி, தேதியை எழுதிவைத்து, தைப்பூசத்திலிருந்து அடுத்த தைப்பூசம் வரை அளக்க வேண்டும். இடையில் கத்தரிக்கக் கூடாது. நல்ல மண்ணும் இடமும் கொடுத்த பிறகும் விரலளவே வளர்ந்தால் அது உள்ளபடியே குட்டை வகை. சட்டி மாற்றியதும் முழ நீளத்துக்குத் தளிர்விட்டால், அது அடக்கி வைக்கப்பட்டிருந்த மரம்.

அளந்து பார்த்தும் இனம் பிடிபடவில்லை என்றால், கைப்பேசிப் படம் ஒன்றை நம்பி இருக்க வேண்டாம். அடிமரப் பட்டையைப் படமெடுத்துக்கொண்டு, இரண்டு கிளைநுனி, கூம்போ பூவோ காயோ இருந்தால் அது, கீழே உதிர்ந்த பழைய இலை, இவற்றைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்த வேண்டும். வாங்கிய இடத்தையும் நாளையும், உயிரோடிருந்தபோது இலையின் நிறத்தையும் நசுக்கினால் வந்த மணத்தையும் அதே தாளில் எழுத வேண்டும். உலர்ந்த பிறகு நிறமும் மணமும் போய்விடும். பத்துமலையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், கெப்போங்கில், 1929இல் தொடங்கிய வன ஆய்வு நிலையம் இருக்கிறது. ஈயச்சுரங்கமும் காய்கறித் தோட்டமும் சீரழித்த நிலத்தில் மரம் நட்டு உண்டாக்கிய காடு அது. 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் உலர்தாவரச் சாலையில் லட்சக்கணக்கான மாதிரிகள் உள்ளன, உலர்த்தியதை அவற்றோடு ஒப்பிட்டுக் கேட்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் ஓர் உலர்தாவரச் சாலையும், ரிம்பா இல்மு என்ற தாவரவியல் தோட்டமும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ்காரருக்கு அது பக்கம்.

வகைப்பெயரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இனத்தைச் செடியைப் பார்த்து நிறுவலாம். வகைப்பெயரைப் பல சமயம் செடியைப் பார்த்து மட்டும் நிறுவ முடியாது. மலைப்பைனில் மட்டுமே எத்தனையோ குட்டை வகைகளுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அவற்றில் பல ஒன்றுக்கொன்று சாடை மாறாதவை. அங்கே அட்டையும் ரசீதும் எந்தத் தாய்ச்செடியின் ஒட்டு என்ற தகவலும்தான் சான்று. கூம்புத் தாவர வகைப்பெயர்களைப் பன்னாட்டளவில் பதிவுசெய்வது பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம். 1959க்குப் பிறகு சூட்டும் வகைப்பெயர் லத்தீனில் இருக்கக் கூடாது என்பது விதி. அட்டையில் புத்தம்புதிய வகை என்று சொல்லி லத்தீன் பெயர் எழுதியிருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. அட்டையே இல்லாத செடிக்கு வகைப்பெயர் சூட்டாமல், ‘சீன ஜூனிப்பர், குட்டை வளர்ச்சி, வகை தெரியவில்லை’ என்று எழுதிவைப்பதே நேர்மை. அதனால் செடியின் மதிப்புக் குறைந்துவிடாது.

பேக்கியா வாங்குபவர்கள் விற்பவரிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பதியனா, பெயர்த்ததா? அடிமரம் மணிக்கட்டுப் பருமனாக, பட்டை முதிர்ந்து, ஆனால் சட்டி மண் புதிதாக, வேர்கள் கத்தியால் வெட்டிய தழும்போடு இருந்தால், அது எங்கோ ஒரு பாறையில் பல பத்தாண்டுகள் நின்றிருந்த செடி. அப்படிப் பெயர்த்தவற்றில் பல, வேர் பிடிக்காமல் சில மாதங்களில் காய்ந்துவிடுகின்றன. காய்ந்ததும் அடுத்ததைப் பெயர்க்க ஆள் போகிறது. தண்டுத்துண்டிலிருந்து வளர்த்த இளஞ்செடி விரல் பருமன்தான் இருக்கும், விலையும் குறைவு, மேகத்திரள் வடிவம் வரப் பல ஆண்டுகள் ஆகும். மணலும் கொஞ்சம் கரிமண்ணும் கலந்து, சுண்ணாம்பு படாமல், நல்ல வெயிலில் வைத்தால் இந்தத் தட்பவெப்பத்தில் அது நிலைக்கும். வாங்குவதென்றால் அதை வாங்குங்கள்.